செறிவூட்டிய அரிசியும் பள்ளிக்கூடச் சாப்பாடும்: மலையகப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

இலங்கையின் தேயிலை மலையகத்தில், ஹட்டன், தலவாக்கலை, இராகலை, பண்டாரவளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலைகளில் காலையில் பிள்ளைகளுக்குச் சோறு கொடுக்கிறார்கள். அந்தச் சோற்றைப் பற்றி அம்மாமாரும் ஆசிரியர்மாரும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும் இங்கே இருக்கின்றன. ஒரு விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். செறிவூட்டிய அரிசி நல்லதுதான், ஆனால் முட்டையும் பருப்பும் கீரையும் தட்டில் இருக்க வேண்டிய இடத்தை அது எடுத்துக்கொள்ளக் கூடாது. கீழே உள்ள பதில்களில் பாதி இதைச் சுற்றியே வரும்.

செறிவூட்டிய அரிசி என்கிறார்களே, அது என்ன அரிசி?

சாதாரண அரிசியேதான். அதற்குள் வழக்கமாக நூற்றுக்கு ஒன்று என்ற கணக்கில் சத்து மணிகள் கலந்திருக்கும். அரிசியை மாவாக்கி, இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், வைட்டமின் பி12 போன்றவற்றைச் சேர்த்துப் பிசைந்து, இயந்திரத்தில் போட்டு மறுபடி அரிசி வடிவத்துக்குக் கொண்டுவருகிறார்கள். இடியப்ப உரலில் மாவு பிழிவது மாதிரித்தான், நூலாக விடாமல் அரிசி நீளத்துக்கு நறுக்கிவிடுவார்கள். அந்த மணிகள் ஒரு கிலோ, சாதாரண அரிசி நூறு கிலோ. இப்படிக் கலந்து சாக்கில் கட்டினால் அதுதான் செறிவூட்டிய அரிசி.

அரிசியைத் தீட்டும்போது தவிட்டோடு நிறையச் சத்து போய்விடுகிறது. அதில் ஒரு பகுதியைத் திருப்பிச் சேர்ப்பதும், அரிசியில் எப்போதுமே இல்லாத பி12 போன்றதைப் புதிதாகச் சேர்ப்பதும்தான் இந்த வேலை.

கழுவும்போது சில அரிசி மிதக்கிறது. பிளாஸ்டிக் அரிசி என்கிறார்களே?

இல்லை. இந்தியாவிலும் இதே வதந்தி ஊர் ஊராகப் போனது. சத்து மணிகள் இயந்திரத்தில் செய்தவை என்பதால் உள்ளே கொஞ்சம் காற்று இருக்கும், அதனால் சில மணி மிதக்கும். நிறமும் லேசாக மாறித் தெரியும். நாலைந்து மணியை எடுத்து வேகவைத்து விரலால் நசுக்கிப் பாருங்கள், மாவாகக் குழையும். பிளாஸ்டிக் குழையாது.

இதில் உண்மையான ஆபத்து வேறு. "கெட்ட அரிசி" என்று நினைத்து, மிதக்கிற மணியையெல்லாம் சமைப்பவர் பொறுக்கி வீசிவிட்டால், பாத்திரத்தில் மிஞ்சுவது வெறும் அரிசி மட்டுமே. சமையலறையில் முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டியது இதைத்தான்.

நன்றாகக் கழுவி, கஞ்சியை வடித்தால் சத்து போய்விடாதா?

மாவிலிருந்து செய்த மணியில் சத்து உள்ளுக்குள்ளேயே இருப்பதால், இரண்டு தண்ணீர் கழுவினால் பெரிதாக ஒன்றும் போகாது. அரிசியின் மேலே சத்துப் பொடியைத் தூவிச் செய்கிற இன்னொரு வகை உண்டு. அது கழுவினால் போய்விடும், நம்மைப் போல அரிசியைக் கழுவிச் சமைக்கிற ஊர்களுக்குச் சரிவராது. எந்த அரிசியானாலும் தண்ணீரை அளந்து வைத்து, வடிக்காமல் வேகவிடுவது நல்லது.

எங்கள் பாடசாலைக்கு வருவது செறிவூட்டிய அரிசியா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

சாக்கைப் பாருங்கள், எழுதியிருக்கும். உலக உணவுத் திட்டத்தின் வழியாக நன்கொடையாக வந்த செறிவூட்டிய அரிசி பல பாடசாலைகளுக்குப் போயிருக்கிறது, கூடவே பருப்பும் டின் மீனும் போயின. சமைத்துக் கொடுப்பவர் பக்கத்துக் கடையில் வாங்குகிற அரிசி பெரும்பாலும் சாதாரண அரிசிதான். அதிபரிடம் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஏன் மலையகத்தைப் பற்றியே இவ்வளவு பேச்சு?

எண்கள் அப்படி. 2016ஆம் ஆண்டின் சனத்தொகை மற்றும் சுகாதார ஆய்வின்படி, இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 சதவீதம் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப்புறத்தில் மட்டும் எடுத்தால் அது 31.7 சதவீதம். மூன்றில் ஒரு பிள்ளை என்றே வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு 2022இன் பொருளாதார நெருக்கடி வந்தது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். மாவு விலை ஏறினால் நாள் சம்பளத்தில் ஓடுகிற லயத்து (தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடு) வீட்டில் முதலில் காணாமல் போவது முட்டையும் நெத்தலியும்.

பழைய கதையும் உண்டு. இலங்கையில் பாடசாலை உணவு 1931இலேயே தொடங்கியது. தோட்டப் பாடசாலைகள் அரசின் கைக்கு வந்ததோ 1970களில். அதுவரை பல இடங்களில் ஒரே வாத்தியார், ஒரே மண்டபம், அங்கே சோற்றைப் பற்றி யார் பேசுவது? நாட்டுக்குக் கிடைத்த பலவும் தோட்டத்துக்குப் பிந்தியே வந்தன. பிள்ளைகளின் உயரக் கணக்கை இந்த வரலாற்றை விட்டுவிட்டுப் படித்தால், அம்மாமார் மீது பழி போடுவதில்தான் போய் முடியும். "அவங்களுக்கு வளர்க்கத் தெரியல" என்று கூட்டங்களில் சொல்பவர்களை நானும் பார்த்திருக்கிறேன். காலையில் மலைக்கு ஏறி மாலையில் இறங்குகிற ஒருத்தியிடம் அப்படிச் சொல்வதற்குத் தைரியம் வேண்டும்.

இந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டால் பிள்ளை உயரமாகுமா?

அதிகம் எதிர்பார்க்காதீர்கள். கருவில் தொடங்கி இரண்டாவது பிறந்தநாள் வரைக்கும் உள்ள ஆயிரம் நாட்களில்தான் உயரத்தின் பெரும்பகுதி தீர்மானமாகிறது. பிள்ளை ஒன்றாம் தரத்துக்கு வரும்போது ஐந்து வயதாகிவிடும். அதற்குப் பிறகும் நல்ல உணவு கிடைத்தால் ஓரளவு எட்டிப்பிடிக்கலாம், ஆனால் இழந்தது முழுவதும் திரும்பாது.

அப்படியானால் பாடசாலைச் சாப்பாடு எதற்கு? இரத்தசோகை குறைவதற்கு. பத்து மணிக்குத் தலைசுற்றி மேசையில் சாயாமல் இருப்பதற்கு. பாடத்தில் கவனம் நிற்பதற்கு. வராத பிள்ளை வருவதற்கு. சாப்பாடு உள்ள நாளில் வரவுப் பதிவேடு எப்படி இருக்கிறது என்று எந்த ஆசிரியரைக் கேட்டாலும் சொல்வார். இவை சின்ன விசயங்கள் அல்ல. உயரத்தை மட்டும் அளந்துவிட்டு "திட்டம் தோல்வி" என்று எழுதுகிறவர்கள் தவறான அளவுகோலோடு வருகிறார்கள்.

உயரத்துக்கு வழி தேடினால் பாடசாலைக்கு முன்னால் போக வேண்டும்: கர்ப்பிணியின் தட்டுக்கு, பிறகு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவுக்கு. அம்மா கொழுந்து எடுக்கப் போகும்போது ஆறு மாதப் பிள்ளை முதல் ஐந்து வயதுப் பிள்ளை வரை பகலெல்லாம் இருப்பது அங்கேதான். என்னைக் கேட்டால், அடுத்து ஒதுக்குகிற பணம் பாடசாலைக்குப் போவதற்கு முன் பிள்ளைக்காம்பராச் சமையலறைக்குப் போக வேண்டும். அங்கே கொடுக்கிற ஒரு முட்டை, ஐந்தாம் தரத்தில் கொடுக்கிற ஒரு முட்டையைவிட அதிகம் வேலை செய்யும்.

சாப்பாட்டோடு தேத்தண்ணி கொடுக்கலாமா?

வேண்டாம். இந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு பதிலை மட்டும் எடுத்துக்கொண்டு போவதானால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

தேயிலையில் உள்ள துவர்ப்புப் பொருட்கள் சோறு, பருப்பு, கீரையில் உள்ள இரும்புச்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்புக்குள் போக விடாது. சாப்பாட்டோடு சாயத் தேத்தண்ணி குடித்தால் தாவர உணவிலிருந்து கிடைக்கிற இரும்பு பாதிக்கும் மேல் குறைந்துவிடும். செறிவூட்டிய அரிசியில் சேர்த்த இரும்புக்கும் இதே கதிதான். காலையில் ரொட்டியும் கட்டைச் சம்பலும் சாப்பிட்டு ஒரு கோப்பை வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டு வருவது நம் பழக்கம். உலகத்துக்கே தேயிலை அனுப்புகிற மலையில், அந்தத் தேயிலைதான் பிள்ளையின் இரத்தத்துக்கும் குறுக்கே நிற்கிறது.

தேத்தண்ணியை அடியோடு விடச் சொல்லவில்லை. நுவரெலியாக் குளிரில் அதை யாரும் கேட்கவும் மாட்டார்கள். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிக்கலாம், பிள்ளைக்குச் சாயத்தைக் குறைக்கலாம், சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமலே விடலாம். சாப்பாட்டோடு சுடச்சுட ஏதாவது வேண்டுமென்றால் வெந்நீர் போதும். தேத்தண்ணிக்குப் பதிலாக வைட்டமின் சி உள்ள ஒன்றைச் சேர்த்தால் இரும்பு கூடுதலாகச் சேரும்: கீரைச் சுண்டலில் பிழிந்த தேசிக்காய், ஒரு கொய்யா, நெல்லிக்காய், லயத்துக்குப் பின்னால் காய்த்துக் கிடக்கிற மரத்தக்காளி. இதற்கெல்லாம் பெரிய காசு தேவையில்லை.

நாங்கள் ரொட்டிதானே அதிகம் சாப்பிடுகிறோம். கோதுமை மாவிலேயே சத்தைச் சேர்த்தால் என்ன?

நல்ல கேள்வி. இதைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள், அதுவும் நம் தோட்ட மக்களிடையே. இரும்பு சேர்த்த கோதுமை மாவைக் கொடுத்துச் செய்த ஓர் ஆய்வு 2004இல் வெளியானது. இரத்தசோகை எதிர்பார்த்தபடி குறையவில்லை.

இரும்பு என்று ஒரே சொல்லில் சொன்னாலும் அதில் பல வகை. விலை குறைந்த இரும்புத் தூள் மாவின் நிறத்தையும் ருசியையும் மாற்றாது, ஆனால் குடலில் அதிகம் உறிஞ்சப்படாது. நன்றாக உறிஞ்சப்படுகிற வகைகள் விலை கூடியவை, சில உணவின் நிறத்தையே மாற்றிவிடும். அரிசிக்குப் பெரும்பாலும் வெள்ளை நிறமான ஒரு இரும்பு உப்பைப் பயன்படுத்துகிறார்கள், அதை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும் பொருட்களையும் கூடச் சேர்ப்பதுண்டு. எனவே "இரும்பு சேர்த்தது" என்ற வார்த்தையைக் கேட்டதும் திருப்திப்பட்டுவிடக் கூடாது. எந்த இரும்பு, எவ்வளவு, அதோடு பிள்ளை எதைக் குடிக்கிறது என்பதெல்லாம் சேர்ந்துதான் பலன்.

சரி, உணவில் சத்துச் சேர்த்து வென்ற கதை இலங்கையில் ஒன்றுகூட இல்லையா என்றால், உப்பு இருக்கிறது. 1995இல் உப்பில் அயோடின் சேர்ப்பது கட்டாயமாயிற்று. கழுத்து வீங்கிய கழலை நோய் ஒரு காலத்தில் சாதாரணமாகக் கண்ணில் படும், இன்றைய பிள்ளைகளில் பலர் அதைப் பார்த்திருக்க மாட்டார்கள். யாரும் பழக்கத்தை மாற்ற வேண்டியிருக்கவில்லை, கடையில் இருந்த உப்பே மாறிவிட்டது. இரும்பு அவ்வளவு சுலபமாக மசியவில்லை.

110 ரூபாய்க்கு என்னதான் சமைக்க முடியும்?

2024 மார்ச்சில் ஒன்றாம் தரம் முதல் ஐந்தாம் தரம் வரை எல்லா அரசாங்கப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் காலை உணவு என்று விரித்தபோது ஒதுக்கிய தொகை அது. 9134 பாடசாலைகள், ஏறத்தாழ 16 இலட்சம் பிள்ளைகள், பிள்ளைக்கு நாளொன்றுக்கு 110 ரூபாய்.

அரிசி, பருப்பு, மரக்கறி, தேங்காய், எண்ணெய், விறகு அல்லது காஸ், சமைப்பவரின் கூலி, எல்லாம் அதற்குள்தான். நகரத்துப் பாடசாலையில் அறுநூறு பிள்ளைக்குச் சேர்த்து வாங்கினால் ஓரளவு கட்டும். தோட்டத்தின் மேல் டிவிசனில் (மேல் பிரிவில்) நாற்பது பிள்ளை படிக்கிற பாடசாலைக்கு முச்சக்கர வண்டியில் சாமான் ஏற்றிப்போனால், வண்டிக் கூலியே ஒரு பங்கைத் தின்றுவிடும். ஆனால் அன்று இரண்டு இடத்துக்கும் ஒரே கணக்குத்தான். இது சரியில்லை, தூரத்துக்கும் பிள்ளைகளின் எண்ணிக்கைக்கும் ஏற்றபடி தொகை மாற வேண்டும் என்பது என் கட்சி.

சமைப்பவர் பெரும்பாலும் அதே தோட்டத்து அம்மாவாகவோ பக்கத்து ஊர்ப் பெண்ணாகவோ இருப்பார். கடையில் கடனுக்கு எடுத்துச் சமைத்து, பில் போட்டு, வலயக் கல்விப் பணிமனை வழியாகக் காசு வரும்வரை காத்திருப்பார். காசு பிந்தினால் முழு முட்டை அரை முட்டையாகும், அப்புறம் சோயாவாகும். சாப்பாடு சரியில்லை என்று சண்டைக்குப் போவதற்கு முன், அவருக்குக் கடைசியாக எப்போது காசு கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள். சண்டை போட வேண்டிய இடம் வேறு என்று தெரியவரும்.

கரட்டும் லீக்ஸும் இங்கேயே விளைகிறதே. மரக்கறிக்கு ஏன் பஞ்சம்?

விளைகிறது, லொறியில் தம்புள்ளை மொத்தச் சந்தைக்குப் போகிறது. தோட்டத்தில் வேலை செய்கிறவருக்குப் பெரும்பாலும் சொந்த நிலம் இல்லை, லயத்து வாசலில் ஒரு பாத்திதான். கரட் நல்லதுதான், ஆனால் அது தருவது வைட்டமின் ஏ, அதில் இரும்பைத் தேடக் கூடாது. இரும்புக்குக் கீரையும் பயறும் நெத்தலியும் வேண்டும். பாடசாலைத் தோட்டம் போடுகிறவர்கள் முருங்கை நடச் சொல்லி வரும் சுற்றறிக்கையை அப்படியே பின்பற்ற வேண்டாம். பதுளைப் பக்கம் வரும், நுவரெலியா உயரத்தில் குளிர் தாங்காது. வல்லாரை, பொன்னாங்காணி போட்டுப் பாருங்கள். பீட்ரூட் இலையையும் நோக்கோல் இலையையும் வீசாமல் தேங்காய்ப்பூ போட்டுச் சுண்டுங்கள்.

திரிபோஷா கிடைக்கிறதே, அது போதாதா?

திரிபோஷா 1973இலிருந்து வருகிறது. சோளமும் சோயாவும் கலந்து, வைட்டமின்களும் தாதுச்சத்தும் சேர்த்த மா. கர்ப்பிணிகளுக்கும் பாலூட்டும் அம்மாமாருக்கும் நிறை குறைந்த சின்னப் பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் கொடுக்கிறார்கள். நல்ல பொருள். 2022 நெருக்கடியில் சோளம் கிடைக்காமல் விநியோகம் தடைப்பட்டபோதுதான் அதன் அருமை பலருக்குத் தெரிந்தது.

ஒன்று மட்டும்: அது அந்தப் பிள்ளைக்கு என்று அளந்து கொடுத்தது. வீட்டில் நாலு பிள்ளை இருந்தால் நாலு உருண்டையாகத்தான் பிடிப்பார்கள், எந்தத் தாய் ஒரு பிள்ளைக்கு மட்டும் கொடுத்துவிட்டு மற்றதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்வாள்? பாடசாலைச் சாப்பாட்டின் பெரிய நன்மை இதுதான். பங்கு போடாமல் அந்தப் பிள்ளையின் வயிற்றுக்கே போகிறது.

பாடசாலையில் வாரம் ஒரு இரும்பு மாத்திரையும் தருகிறார்கள், பூச்சி மருந்தும் தருகிறார்கள். இந்த அரிசியும் சேர்ந்தால் கூடிப்போகாதா?

சுகமான பிள்ளைக்குக் கூடிப்போகாது. அரிசியில் உள்ள இரும்பு ஒரு நாள் தேவையின் ஒரு பகுதிதான். பூச்சி மருந்தைத் தவறவிடாதீர்கள். கொக்கிப்புழு குடலில் ஒட்டிக்கொண்டு இரத்தத்தையே குடிக்கும். அது இருக்கும்வரை நீங்கள் கொடுக்கிற இரும்பில் ஒரு பங்கு அதற்குத்தான். வெறுங்காலோடு ஈர மண்ணில் நடக்கும்போது தோல் வழியாக ஏறுகிறது, ஆகவே செருப்பும் மலசலகூடமும்கூட இந்தத் திட்டத்தின் பகுதிதான்.

தலசீமியா (பரம்பரையாக வரும் இரத்த நோய்) உள்ள பிள்ளை இந்தச் சோற்றைச் சாப்பிடலாமா?

பதுளை மாவட்டத்தில் இதை அவசியம் கேட்க வேண்டும், நாட்டில் தலசீமியா அதிகம் காணப்படுகிற மாவட்டங்களில் அதுவும் ஒன்று. அடிக்கடி இரத்தம் ஏற்றுகிற பிள்ளைகளின் உடம்பில் ஏற்கெனவே இரும்பு தேங்கியிருக்கும். அவர்களுக்கு இரும்பு மாத்திரை கொடுக்கக் கூடாது, இந்தச் சோற்றைப் பற்றியும் சிகிச்சை பெறும் ஆஸ்பத்திரியில் கேட்டுக்கொள்ளுங்கள். வகுப்பாசிரியருக்கும் சொல்லி வையுங்கள். நோய் இல்லாமல் அதன் மரபணுவை மட்டும் சுமக்கிற பிள்ளைகளுக்குப் பொதுவாகத் தடையில்லை.

ஹீமோகுளோபின் 11.8, பரவாயில்லை என்றார்கள். பிள்ளை சோர்ந்தே கிடக்கிறது.

ஐந்து முதல் பதினொரு வயது வரை 11.5க்குக் கீழே போனால் இரத்தசோகை என்பது பொதுக் கணக்கு. ஆனால் அது கடல் மட்டத்துக்கான கணக்கு. உயரத்தில் வாழ்கிறவர்களின் உடம்பு கூடுதலாக ஹீமோகுளோபினை உண்டாக்கும், அதனால் எல்லையையும் உயர்த்திப் பார்க்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நுவரெலியா நகரம் 1868 மீட்டரில் இருக்கிறது. அங்கே 11.8 என்பது குறைவுதான். கேகாலைத் தோட்டத்தில் அதே எண்ணுக்கு வேறு அர்த்தம். உங்கள் ஊரின் உயரத்தைச் சொல்லி டாக்டரிடம் மறுபடி கேளுங்கள்.

இலவசச் சோறு சாப்பிடுவது பிள்ளைக்குக் கௌரவக் குறைவு இல்லையா?

எல்லோருக்கும் ஒரே தட்டு என்றால் குறைவு எங்கே வருகிறது? ஏழைப் பிள்ளையை மட்டும் பொறுக்கி எழுப்பிக் கொடுத்தால்தான் அவமானம். 1982இல் தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கிய எம்.ஜி.ஆர். பிறந்தது நம் நாவலப்பிட்டியில்தான், சிறுவயதில் கும்பகோணத்தில் பசி என்றால் என்னவென்று தெரிந்தவர். அங்கே இன்று காலை உணவும் சேர்ந்துவிட்டது. யாரும் அதைப் பிச்சை என்பதில்லை.

செவ்வாய், வெள்ளி மரக்கறி நாள். முட்டை போட்டால் பிள்ளை தொடுவதில்லை.

முட்டையை வேறு நாளுக்கு மாற்றச் சொல்லுங்கள். அந்த இரண்டு நாளும் கடலை, பயறு, கௌப்பி. பெற்றோர் கூட்டத்தில் ஐந்து நிமிட வேலை.

ஆறாம் தரத்துக்குப் போனதும் சாப்பாடு நின்றுவிடுகிறதே?

நின்றுவிடுகிறது, அதுவும் மோசமான நேரத்தில். பெண் பிள்ளைகள் பெரியவளாகிற வயது அது, மாதாமாதம் இரத்தம் போகும், இரும்புத் தேவை ஏறும். நாளைய கர்ப்பிணியும் அவளே. மேல்வகுப்புப் பெண் பிள்ளைகளுக்காவது இதை நீட்ட வேண்டும் என்று கேட்பது நியாயம். அதுவரை வாராந்த இரும்பு மாத்திரையை அவர்கள் புத்தகப் பைக்குள் ஒளிக்காமல் விழுங்குகிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வயிற்றைப் புரட்டுகிறது என்றால் வெறும் வயிற்றில் வேண்டாம், சாப்பிட்ட பிறகு விழுங்கலாம்.

சோற்றில் வண்டு, கல், பூஞ்சணம் இருந்தால் யாரிடம் சொல்வது?

முதலில் அதிபரிடம், அன்றைக்கே. சாக்கையும் அதில் உள்ள திகதியையும் போனில் படமெடுத்து வையுங்கள். தீராவிட்டால் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போங்கள், சமையலறையைப் பார்ப்பது அவர் வேலை. வண்டு இருந்தால் புடைத்து எடுத்துவிடலாம். பூஞ்சணம் பிடித்த அரிசியைக் கழுவிக்கூடச் சமைக்க விடாதீர்கள், அந்த நஞ்சு வெந்தாலும் போகாது.